கூஃபா நகரத்துத் துணி வணிகர்

நம்மவர் வீடுகளில் ஹனீபா என்ற பெயருடைய ஒருவராவது இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் உள்நாட்டு ஊர்களில் மட்டுமன்றி, ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் கடற்கரைப் பட்டினங்களிலும் பிள்ளைகளுக்கு இப்பெயர் சூட்டி மகிழ்கிறோம். ஆனால் இப்பெயருக்குரிய பெருந்தகையை நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் சட்டங்களின் வாயிலாகத்தான். தொழுகையில் கையை எங்கே கட்டுவது, இமாமுக்குப் பின்னால் நின்று ஃபாத்திஹா ஓதுவதா வேண்டாமா என்ற பேச்சு வரும்போது அன்னாரின் பெயரும் வருகிறது. பேச்சு முடிந்ததும் பெயரும் மறைந்து விடுகிறது. இஷாத் தொழுகைக்குச் செய்த ஒளுவுடனேயே சுபுஹுத் தொழுதார்கள் என்பன போன்ற வணக்க வழிபாடுகளைப் பற்றி எழுதியோர் பலர். நாம் இங்கே அன்னாரின் கடையையும், வீட்டையும், மாணவர்கள் அமர்ந்திருந்த பாயையும் பற்றியே பேச விரும்புகிறோம்.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் இயற்பெயர் நுஃமான். தகப்பனார் பெயர் தாபித். பாரசீக வழியில் வந்த குடும்பம். ஹிஜ்ரி 80-ல், அதாவது கி.பி. 699-ல், இராக்கிலுள்ள கூஃபா நகரில் பிறந்தார்கள். அபூஹனீபா என்றால் ஹனீபாவின் தந்தை என்பது சொற்பொருள். அப்படி ஒரு மகள் இருந்ததாகக் கதை சொல்வோரும் உண்டு. வரலாற்று நூல்களில் நமக்குத் தெரிய வரும் பிள்ளை ஹம்மாத் என்ற மகன் ஒருவர்தான். எனவே அசத்தியத்தை விட்டுச் சத்தியத்தின் பக்கம் சாய்ந்தவர் என்று பொருள்படும் ஹனீஃப் என்ற சொல்லை ஒட்டி வந்த சிறப்புப் பெயரே இது என்று ஆலிம்கள் பலர் கருதுகின்றனர். நமக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது.

குடும்பத் தொழில் துணி வியாபாரம். கஸ் என்று அரபியில் சொல்லப்படும், பட்டும் உரோமமும் கலந்து நெய்த உயர்ந்த துணியை விற்று வந்தார்கள். கூஃபாவில் அம்ரிப்னு ஹுரைஸ் (ரலி) அவர்களின் இல்லமாக இருந்த இடத்தில் அவர்களின் கடை இருந்தது. இளமையில் கடைத்தெருவே அவர்களின் உலகம். ஒரு நாள் வழியில் கண்ட பேரறிஞர் ஷஅபீ (ரஹ்), எங்கே போய் வருகிறாய் என்று விசாரிக்க, வாலிபர் ஒரு வணிகரின் பெயரைச் சொன்னார். ஷஅபீ கேட்டதோ, எந்த ஆலிமிடம் போய் வருகிறாய் என்பதை. ஆலிம்களிடம் அதிகம் போவதில்லை என்று அறிந்ததும், உன்னிடம் விழிப்பும் துடிப்பும் தெரிகிறது, அதைக் கல்வியில் செலவிடு என்று சொல்லி விட்டுப் போனார். அந்தச் சொல் நெஞ்சில் தைத்து விட்டது.

முதலில் அவர்கள் இறங்கியது கொள்கை விவாதங்களில். அக்காலத்தில் பஸரா நகரம் வாதப் பிரதிவாதங்களின் சந்தையாக இருந்தது. கூஃபாவிலிருந்து பல முறை அங்கே போய் வாதாடி வந்தார்கள். வாதத்தில் அவர்களை மடக்குவது எளிதாக இருக்கவில்லை. அப்படியிருக்க ஒரு நாள் ஒரு பெண்மணி வந்து, ஸுன்னத்தான முறையில் தலாக் சொல்வது எப்படி என்று கேட்டு விட்டார். பதில் தெரியவில்லை! வானத்துக்கும் பூமிக்குமாக வாதாடத் தெரிந்தவருக்கு, ஒரு குடும்பத்தின் வாழ்க்கை தொங்கிக் கொண்டிருக்கும் சிறிய மஸ்அலா தெரியவில்லை. அருகில் பாடம் நடத்திக் கொண்டிருந்த ஹம்மாத் இப்னு அபீ சுலைமான் (ரஹ்) அவர்களிடம் கேளுங்கள், அவர் சொல்லும் பதிலை என்னிடமும் வந்து சொல்லுங்கள் என்று அப்பெண்மணியை அனுப்பி வைத்தார்கள். மாதவிடாய் நீங்கிச் சுத்தமான காலத்தில், உறவு கொள்ளாத நிலையில் ஒரே ஒரு தலாக் சொல்லி, இத்தா முடியும் வரை விட்டு விட வேண்டும் என்ற பதிலுடன் அவர் திரும்பி வந்தார். இமாமவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக் கொண்டு நேராக ஹம்மாதின் பாடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு 18 ஆண்டுகள் அந்தப் பாயை விட்டு எழவில்லை.

எழ நினைத்தது ஒரே ஒரு முறை. பத்தாண்டுகள் ஓதிய பின், தனியாகப் பாடம் நடத்தலாமே என்ற எண்ணம் வந்தது. அந்த வேளையில் உஸ்தாதின் உறவினர் ஒருவர் பஸராவில் இறந்து விட, அவரின் வாரிசுரிமை விஷயமாக உஸ்தாத் புறப்பட்டார். தம் இடத்தில் இவர்களையே அமர்த்தி விட்டுப் போனார். இரண்டு மாதங்களில் அதுவரை கேட்டறியாத 60 கேள்விகள் வந்தன. இமாமவர்கள் பதில் சொன்னதோடு, ஒவ்வொன்றையும் எழுதியும் வைத்தார்கள். உஸ்தாத் திரும்பியதும் அந்த ஏட்டை அப்படியே எடுத்து நீட்டினார்கள். 40 பதில்களை ஒப்புக் கொண்ட உஸ்தாத், 20-ல் மாறுபட்டார். இனி உஸ்தாதின் மரணம் வரை பிரிவதில்லை என்று சத்தியம் செய்து கொண்டார்கள். எழுதி வைக்காதிருந்தால், காட்டாதிருந்தால், யாருக்குத் தெரியப் போகிறது? ஹிஜ்ரி 120-ல் உஸ்தாத் வஃபாத்தான போது இமாமவர்களுக்கு வயது நாற்பது. தம் மகனுக்கு ஹம்மாத் என்றே பெயரிட்டிருந்தார்கள். தொழும் போதெல்லாம் தம் பெற்றோருக்குக் கேட்கும் துஆவில் உஸ்தாதையும் சேர்த்துக் கொண்டார்கள். உஸ்தாதின் வீடு இருக்கும் திசையில் கால் நீட்டிப் படுத்ததில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஓதியது ஒரே உஸ்தாதிடம் என்று எண்ணி விடக் கூடாது. ஹஜ்ஜுக்குப் போனால் மக்காவில் அதாவு இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களிடம் உட்கார்ந்து விடுவார்கள். எங்கே ஒரு புதிய செய்தி கிடைக்கும் என்ற தாகம் அடங்கவே இல்லை. நடக்காத ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்கும் பழக்கமும் அவர்களுக்கு இருந்தது. அதைப் பலர் குறையாகச் சொன்னார்கள். பஸராவின் பேரறிஞர் கதாதா (ரஹ்) கூஃபாவுக்கு வந்திருந்த போது, இமாமவர்கள் எழுந்து ஒரு மஸ்அலா கேட்டார்கள். ஒருவர் வெளியூர் போய்ப் பல்லாண்டுகள் தகவலே இல்லை. இறந்து விட்டார் என்று கருதி மனைவி மறுமணம் செய்து கொண்டாள். பிறகு முதல் கணவர் திரும்பி வந்து விட்டார். என்ன தீர்ப்பு? இப்படி ஒன்று நடந்ததா என்று கதாதா கேட்டார். இல்லை என்றதும், நடக்காததை ஏன் கேட்கிறீர்கள் என்று சினந்தார். துன்பம் வந்து இறங்கும் முன்பே அதற்குத் தயாராகிறோம், இறங்கி விட்டால் உள்ளே போகவும் வெளியே வரவும் வழி தெரிந்திருக்குமே என்று இமாமவர்கள் அமைதியாகப் பதிலளித்தார்கள்.

கடல் கடந்து பிழைக்கப் போனவர்களைக் கொண்ட நம் ஊர்களில் இந்தக் கேள்வி கற்பனையாக இருந்ததில்லை. காணாமற் போனவரின் வயதொத்தவர்கள் இறந்து போகும் காலம் வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பதே ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பு. வாலிபப் பெண்ணொருத்திக்கு இது எவ்வளவு பெரிய பாரம் என்பதை விவரிக்கத் தேவையில்லை. இந்தப் பாரத்தைக் கண்டுதான் மௌலானா அஷ்ரஃப் அலி தானவி (ரஹ்) போன்ற ஹனஃபி ஆலிம்களே பிற்காலத்தில் இந்த ஒரு மஸ்அலாவில் மாலிக்கி மத்ஹபின் நான்காண்டுத் தவணையை எடுத்துக் கொண்டார்கள். 1939-ல் இந்தியாவில் வந்த முஸ்லிம் திருமண விடுதலைச் சட்டத்திலும், கணவன் நான்காண்டுகள் தகவலின்றி மறைந்தால் மனைவி விடுதலை கோரலாம் என்பது இடம் பெற்றது. இமாமவர்களின் தீர்ப்பை விட்டு அவர்களைப் பின்பற்றுவோரே விலகியது மரியாதைக் குறைவு என்று நாம் நினைக்கவில்லை. ஏனெனில் அன்னாரின் பாடத்தில் அமர்ந்திருந்தவர்களே எத்தனையோ மஸ்அலாக்களில் அன்னாரோடு முரண்பட்டவர்கள்தாம். மஸ்அலாவை நடுவில் வைப்பார்கள், மாணவர்கள் ஒவ்வொருவராகத் தம் கருத்தைச் சொல்வார்கள், குரல் உயரும், சில சமயம் பல நாட்கள் போகும். ஒரு முடிவு வந்த பிறகே எழுதச் சொல்வார்கள். தாம் சொன்னது என்பதற்காக ஒன்றை அவசரமாக எழுதி விடுவதைத் தடுத்தார்கள். இன்றைய கருத்தை நாளை நாம் விட்டு விடக் கூடும் என்று எச்சரித்தார்கள்.

அந்த மாணவர்களில் யஃகூப் என்ற ஏழைச் சிறுவர் ஒருவர். இவரே பின்னால் காஜி அபூயூசுப் (ரஹ்) என்று புகழ் பெற்றவர். இவரின் இளமையைப் பற்றி இருவிதமாகச் சொல்லப்படுகிறது. தகப்பனார் வந்து, மகனே, அபூஹனீபாவோடு சேர்ந்து நீயும் கால் நீட்டாதே, அவருக்கு ரொட்டி வெந்து தயாராக இருக்கிறது, நமக்கு உழைத்தால்தான் உண்டு என்று சொல்லி அழைத்துப் போனார் என்பது ஒன்று. தகப்பனார் இறந்து விட, தாயார் இவரைத் துணி வெளுப்பவர் ஒருவரிடம் வேலைக்கு விட்டார், சிறுவர் அங்கிருந்து நழுவிப் பாடத்துக்கு வந்து விடுவார், தாயார் தேடி வந்து பிடித்துப் போவார் என்பது மற்றொன்று. எப்படியாயினும், சில நாட்கள் காணாத மாணவரை இமாமவர்கள் விசாரித்தார்கள். பிழைப்பும் பெற்றோர் சொல்லும் தடுத்தன என்று தெரிந்தது. எல்லாரும் எழுந்து போன பிறகு ஒரு பையைக் கையில் கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் 100 திர்ஹம். பாடத்தை விடாதே, தீர்ந்தால் சொல் என்றார்கள். தீர்ந்தது என்று ஒரு முறையும் சொல்ல வேண்டி வரவில்லை. சொல்லும் முன்பே அடுத்த பை வந்து விடும். கணக்கு வைத்துக் கொண்டிருந்தவர் போல என்று அபூயூசுப் பின்னாளில் வியந்து சொல்வாராம்.

கொடுத்தவர் என்பதற்காகச் செல்லம் கொடுத்துக் கெடுக்கவும் இல்லை. ஒரு முறை அபூயூசுப் கடுமையாக நோயுற்றார். பார்க்கச் சென்ற இமாமவர்கள், இவர் போய் விட்டால் பெரும் கல்வி போய் விடும் என்று வருந்திச் சொன்னார்கள். நோய் குணமானதும் இந்தச் சொல் மாணவரின் காதுக்கு எட்டியது. உடனே தனிப் பாடம் நடத்தத் தொடங்கி விட்டார். இமாமவர்கள் கோபிக்கவில்லை, ஆளை அனுப்பி ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்கள். ஒருவர் துணியை வெளுக்கக் கொடுத்தார். திரும்பக் கேட்ட போது வெளுப்பவர், நீர் துணியே தரவில்லை என்று மறுத்தார். பிறகு மனம் மாறி, வெளுத்த துணியைக் கொண்டு வந்து கொடுத்தார். அவருக்குக் கூலி உண்டா? உண்டு என்றால் தவறு என்று சொல்; இல்லை என்றாலும் தவறு என்று சொல் என்று ஆளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அபூயூசுப் உண்டு என்றார், பிறகு இல்லை என்றார், இரண்டும் தவறு என்றதும் எழுந்து நேராக உஸ்தாதிடம் வந்து சேர்ந்தார். வந்தது வெளுப்பவரின் விவகாரத்துக்காகத்தானே என்று கேட்டு விட்டு விளக்கினார்கள். மறுத்த பிறகு வெளுத்திருந்தால் கூலி இல்லை; அபகரித்துக் கொண்டு தனக்காக வெளுத்தார். மறுக்கும் முன்பே வெளுத்திருந்தால் கூலி உண்டு, துணிக்காரருக்காக வெளுத்தார். வெளுக்கும் கடையில் சிறு வயதில் நின்ற மாணவரிடம், வெளுப்பவரைக் கொண்டே பாடம் புகட்டியது நமக்குச் சுவையாகப் படுகிறது. பின்னாளில் ஹாரூன் ரஷீத் ஆட்சியில் தலைமைக் காஜியாக அமர்ந்தவர் இந்த மாணவர்தான்.

மாணவர்களுக்கும் ஆலிம்களுக்கும் கொடுத்ததெல்லாம் எங்கிருந்து வந்தது? கடையிலிருந்துதான். ஆண்டு லாபத்தை ஒதுக்கி வைத்து, அதைக் கொண்டு ஆலிம்களின் வீடுகளுக்கு உணவும் உடையும் வாங்குவார்கள். மீதியை ரொக்கமாகக் கொடுத்து, எனக்கு நன்றி சொல்ல வேண்டாம், அல்லாஹ்வுக்குச் சொல்லுங்கள், நான் என் பணத்தைத் தரவில்லை, உங்களுக்காக அவன் என் கையில் ஓடவிட்டதைத் தருகிறேன் என்பார்கள். தம் பிள்ளை குட்டிகளுக்கு எவ்வளவு செலவிட்டார்களோ அதே அளவு ஆலிம்களுக்கும். தாம் புத்தாடை உடுத்தினால் அதன் மதிப்புக்கு அவர்களுக்கும். மகன் ஹம்மாத் குர்ஆன் ஓதத் தொடங்கி ஃபாத்திஹா சூராவை முடித்த அன்று, ஓதிக் கொடுத்த உஸ்தாதுக்கு 500 திர்ஹம் அனுப்பினார்கள். இவ்வளவு பெரிய தொகைக்கு நான் என்ன செய்து விட்டேன் என்று அவர் திகைத்தார். என் மகனுக்குக் கற்றுத் தந்ததை அற்பமாக நினைக்காதீர்கள், இதை விட அதிகம் கையிலிருந்தால் அதையும் தந்திருப்பேன் என்றார்கள். மக்தபில் ஓதிக் கொடுக்கும் லெப்பைக்கு மாதச் சம்பளம் தரும் நாளில் நம் ஜமாஅத்துகளில் நடக்கும் பேரத்தை நினைத்துக் கொள்கிறோம், மேலே எழுதவில்லை.

வியாபாரத்தில் அவர்களின் பேணுதல் கூஃபா முழுதும் தெரிந்த ஒன்று. கூட்டாளி ஹஃப்ஸ் என்பவரிடம் சரக்கு அனுப்பிய போது, ஒரு துணியில் ஐபு இருக்கிறது, வாங்குபவரிடம் காட்டி விட்டு விற்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஹஃப்ஸ் மறந்து விற்று விட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் ஸதகா செய்து விட்டார்கள். வேறொரு நாள் ஒரு பெண்மணி பட்டுத் துணி ஒன்றைக் கொண்டு வந்து 100 திர்ஹத்துக்கு எடுத்துக் கொள்ளச் சொன்னார். இது அதிகம் பெறுமே என்றார்கள். 200 என்றார், 300 என்றார், 400 என்றார். இன்னும் பெறும் என்றதும், கேலி செய்கிறீரா என்று கேட்டு விட்டார் அப்பெண். விலை மதிக்கத் தெரிந்த ஆளை அழைத்து வரச் சொல்லி, 500 திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். விற்பவர் அறியாமையில் வாங்குபவர் லாபம் காண்பது கெட்டிக்காரத்தனம் என்று கடைத்தெரு சொல்லும். அன்னாரின் கடையில் அது செல்லவில்லை.

வீட்டில் தாயார் இருந்தார். கூஃபாவே மகனிடம் மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வரிசையில் நிற்க, தாயாருக்கு மட்டும் மகன் சொல்லில் திருப்தி இல்லை. பயான் செய்யும் ஸுர்ஆ என்பவர் சொன்னால்தான் மனம் ஆறும். உலகத்துத் தாய்மார்கள் எல்லாரும் இப்படித்தான் போலும். மகன் முகம் சுளிக்காமல் தாயாரை அவரிடமே அழைத்துப் போனார்கள். ஸுர்ஆ பதறி, என்னை விட அறிந்தவர் உங்களோடு இருக்கிறாரே என்றார். நான் இப்படித் தீர்ப்புச் சொன்னேன் என்று இமாமவர்கள் அவரிடம் விவரிக்க, ஆம், அதுவே சரி என்று அவர் சொல்ல, தாயார் மனநிறைவோடு வீடு திரும்பினார்.

மகன் ஹம்மாத் வளர்ந்து கொள்கை வாதத்தில் இறங்கிய போது தடுத்தார்கள். நீங்களும் இளமையில் இதைச் செய்தவர்தானே என்று மகன் கேட்டார். உண்மைதான், ஆனால் எதிரில் இருப்பவர் வழுக்கி விழுந்து விடக் கூடாதே என்ற அச்சத்தில், தலைமேல் பறவை அமர்ந்தது போல அசையாமல் நாங்கள் பேசினோம். நீங்களோ எதிராளி விழ வேண்டும் என்று விரும்பிப் பேசுகிறீர்கள் என்றார்கள்.

பக்கத்து வீட்டில் செருப்புத் தைப்பவர் ஒருவர் இருந்தார். பகலெல்லாம் உழைத்து விட்டு, இரவில் குடித்து, தம்மை எல்லாரும் கைவிட்டு விட்டதாகப் பாடிக் கொண்டே உறங்குவார். இரவு வணக்கத்தில் நிற்கும் இமாமவர்களின் காதில் தினமும் அந்தப் பாட்டு விழும். ஓர் இரவு பாட்டு இல்லை. விசாரித்தால், காவலர் பிடித்துப் போய் விட்டார்கள். சுபுஹுத் தொழுது விட்டுக் கோவேறு கழுதையில் ஏறி நேரே அமீரின் வாசலுக்குப் போனார்கள். ஆட்சியாளரின் வாசலை மிதிக்க விரும்பாதவர்கள், குடிகார அண்டை வீட்டுக்காரருக்காக மிதித்தார்கள். அமீர் அவரை மட்டுமன்றி, அந்த இரவு முதல் பிடிபட்டவர்கள் அனைவரையும் விடுவித்தார். திரும்பும் வழியில், நாங்கள் உம்மைக் கைவிட்டோமா என்று மட்டும் கேட்டார்கள். அவர் தவ்பா செய்து, பிறகு குடியின் பக்கம் திரும்பவில்லை.

அரச பதவியோ அவர்களை விடாமல் துரத்தியது. உமைய்யா ஆட்சியின் கடைசிக் காலத்தில் இராக்கின் ஆளுநர் இப்னு ஹுபைரா பதவி ஏற்கச் சொன்னார். மறுத்ததால் நாள்தோறும் சாட்டையடி. அடியை விட, என் தாயாரின் துக்கமே எனக்கு வலித்தது என்று பின்னாளில் சொன்னார்கள். விடுபட்டதும், ஹிஜ்ரி 130-ல் மக்காவுக்குப் போய் விட்டார்கள். அப்பாஸிய ஆட்சி வந்த பின் ஊர் திரும்பினார்கள். கலீபா மன்ஸூர் பக்தாதுக்கு அழைத்துக் காஜிப் பதவியைத் திணித்தார். நான் தகுதியற்றவன் என்றார்கள். பொய் சொல்கிறீர் என்றார் கலீபா. அப்படியானால் பொய்யன் காஜியாகத் தகுமா என்று கேட்டார்கள். ஏற்க வைப்பேன் என்று கலீபா சத்தியம் செய்ய, ஏற்க மாட்டேன் என்று இவர்களும் சத்தியம் செய்தார்கள். அப்போது கட்டப்பட்டுக் கொண்டிருந்த பக்தாத் நகருக்கான செங்கற்களை எண்ணும் பணியை, கலீபாவின் சத்தியம் நிறைவேறட்டும் என்று ஏற்றதாகவும் வரலாற்றில் உண்டு. அடுக்கி வைத்த கற்களை ஒவ்வொன்றாக எண்ணாமல், நாணற்கோல் கொண்டு அளந்து கணக்கிட்டார்களாம். கடைக்காரரின் கணக்கு எங்கே போகும்! முடிவில் சிறையே கிடைத்தது. ஹிஜ்ரி 150-ல், கி.பி. 767-ல், பக்தாதில் வஃபாத்தானார்கள். கைஸுரான் மையவாடியில் அடக்கம். இன்று அந்தப் பகுதிக்கே அன்னாரின் பட்டப் பெயரால் அஃளமிய்யா என்று பெயர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பிறந்தது அதே ஹிஜ்ரி 150-ல். அன்னார் பின்னர் பக்தாத் வந்து, அபூஹனீபாவின் மாணவர் முஹம்மது இப்னுல் ஹஸன் (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள் என்பதை, மத்ஹப் பெயரால் மஸ்ஜிதில் சச்சரவு செய்வோர் அறிந்து கொள்வது நல்லது.

இமாமவர்களிடம் ஊரார் நம்பி ஒப்படைத்த அமானிதங்கள் ஏராளம். தங்கமும் வெள்ளியும், உரியவர்கள் சிலர் ஊரில் இல்லை, சில பொருட்கள் அநாதைகளுடையவை. தகப்பனார் இறந்ததும் மகன் ஹம்மாத் அத்தனையையும் எடுத்துக் கொண்டு காஜியிடம் போனார். நீரே நம்பிக்கைக்குரியவர், உம்மிடமே இருக்கட்டும் என்றார் காஜி. ஹம்மாத் ஒப்பவில்லை. எடை போட்டு, எண்ணி, முதலில் உங்கள் பொறுப்பில் எடுத்துக் கொள்ளுங்கள், என் தகப்பனாரின் கழுத்திலிருந்து சுமை இறங்கட்டும், பிறகு யாரிடம் கொடுப்பது என்பதை நீங்கள் பார்த்துக் கொள்ளுங்கள் என்றார். எடை போட்டு எண்ணி முடிக்கவே பல நாட்கள் ஆயின. முடிந்தது என்று தெரிந்த அன்று ஹம்மாத் ஒளிந்து கொண்டார். காஜி வேறொருவரைத் தேடிப் பிடித்து அந்தப் பொருட்களை ஒப்படைக்கும் வரை அவரை யாரும் ஊரில் காணவில்லை.